கொத்தனாரின் விபத்து வழக்கு: மக்கள் நீதிமன்றத்தில் ஐந்தரை லட்சத்துக்குச் சம்மதிக்கலாமா?

நொய்யல்கரை:
என் தங்கையின் கணவர் கொத்தனார். பல்லடம் சாலையில் அவர் மொபெட்டில் சென்றுகொண்டிருந்தபோது பின்னால் வந்த லாரி மோதியதில், வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, பிளேட் வைத்து அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. அப்போது அவருக்கு வயது 34. லாரிக்கு மூன்றாம் நபர் காப்பீடு உண்டு. ஓட்டுநர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதமும் கட்டிவிட்டார். விபத்து இழப்பீடு கேட்கும் எங்கள் எம்.சி.ஓ.பி. மனு திருப்பூர் தீர்ப்பாயத்தில் நிலுவையில் உள்ளது. மருத்துவ வாரியம் 35 விழுக்காடு நிரந்தர ஊனம் என்று சான்றளித்திருக்கிறது. மருத்துவமனைச் செலவான 2,10,000 ரூபாயில் பெரும்பகுதி நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கிய கடன். வழக்குகளைச் சமரசமாக முடிக்கும் மக்கள் நீதிமன்றம் விரைவில் கூடவிருக்கிறது; அதில் 5,50,000 ரூபாய் தருவதாகக் காப்பீட்டு நிறுவனம் சொல்கிறது. எங்கள் தரப்பில் இரண்டு குறைகள் உள்ளன: அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை, மருத்துவமனையில் அலைந்துகொண்டிருந்ததால் காவல் நிலையத்தில் நான்கு நாள் கழித்தே புகார் கொடுத்தோம். சம்மதிக்கலாமா?

கணக்குப்பிள்ளை:
சம்மதிக்கலாம் என்பதே என் கருத்து. நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கிளைம் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே எந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொகை எப்படி வந்திருக்கும் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. வருமான இழப்பு மெய்ப்பிக்கப்படாத வழக்குகளில், ஊனத்தின் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் இவ்வளவு என்று ஒரு தொகையை வைத்துப் பெருக்குவது நம் தீர்ப்பாயங்களில் நெடுநாளாக உள்ள வழக்கம். ஒரு விழுக்காட்டுக்கு 5,000 என்று கொண்டால் 1,75,000. மருத்துவச் செலவு 2,10,000. ஆறு மாத வேலை இழப்புக்கு மாதம் 12,000 வீதம் 72,000. வலி, வேதனை, சத்துணவு, உடனிருந்து பார்த்துக்கொண்டவருக்கான தொகை ஆகியவற்றையும் சேர்த்தால் ஐந்து லட்சத்தைச் சற்றே தாண்டும். நிறுவனம் அதைவிடக் கொஞ்சம் கூட்டியே சொல்லியிருக்கிறது. விசாரணை நடத்தித் தீர்ப்புப் பெற்றால் மனு தாக்கல் செய்த நாளிலிருந்து வட்டி கிடைக்கும் என்பார்கள். அது பெரும்பாலும் ஆண்டுக்கு 7.5 விழுக்காடு, நீங்கள் வெளியே கட்டுவதோ ஆண்டுக்கு 36 விழுக்காடு.

சாட்சிக்கூண்டு:
ஐயா காட்டிய கணக்கில் கூட்டல் பிழை இல்லை. அந்தக் கணக்கையே இந்த வழக்குக்குப் பொருத்தக் கூடாது என்பதுதான் என் மறுப்பு. விழுக்காட்டுக்கு இவ்வளவு என்று பெருக்குவது, அந்த ஊனத்தால் ஒருவருடைய சம்பாத்தியம் குறையாதபோது பொருந்தக்கூடிய முறை. கொத்தனாருக்குக் கால்தான் மூலதனம். சாரத்தில் ஏறவும், குந்தி உட்கார்ந்து பூச்சு வேலை செய்யவும் முடியாத கொத்தனாருக்கு யார் கூலி கொடுப்பார்கள்?

ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010இல் வெளியான உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இதைத்தான் விளக்குகிறது. இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் அவருடைய சம்பாதிக்கும் திறன் ஏறக்குறைய முழுவதும் போய்விடலாம். அதே கையை இழந்தவர் அரசு எழுத்தராக இருந்தால் அவருடைய வேலைக்கே பாதிப்பு இல்லாமல் போகலாம். ஆகவே உடலின் ஊனம் எத்தனை விழுக்காடு என்பதோடு நிற்காமல், பிழைப்பு எத்தனை விழுக்காடு கெட்டது என்பதையும் தீர்ப்பாயம் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால், நாள் கூலி 900 ரூபாய் வீதம் மாதத்தில் 20 நாள் வேலை என்று கொண்டு 18,000 ரூபாய் வருமானம். பிரணய் சேத்தி வழக்கின் 2017ஆம் ஆண்டுத் தீர்ப்புப்படி, 40 வயதுக்குட்பட்ட சுயதொழில் செய்வோருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 விழுக்காடு சேர்க்க வேண்டும். காய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2020இல் பப்பு தேவ் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதைச் சேர்த்தால் மாதம் 25,200. ஆண்டு வருமானத்தை வயதுக்கேற்ப எத்தனையால் பெருக்குவது என்பதைச் சொல்லும் சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணைப்படி 31 முதல் 35 வயது வரை பெருக்கு எண் 16. ஆண்டு வருமானம் 3,02,400ஐ 16ஆல் பெருக்கி, பிழைப்பு இழப்பு 30 விழுக்காடு என்று கொண்டால் 14,51,520 ரூபாய் வரும். மருத்துவச் செலவை நான் இன்னும் சேர்க்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
காகிதத்தில் பதினான்கு லட்சம் வரும். மாதம் 18,000 சம்பாதித்தார் என்பதற்கு ஆவணம் எங்கே? மேஸ்திரி எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை எங்கள் வழக்கறிஞர்கள் குறுக்கு விசாரணையில் எப்படிக் கிழித்தெறிவார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன். தீர்ப்பாயம் 12,000 என்று அனுமானித்து, பிழைப்பு இழப்பையும் 15 விழுக்காடு என்று குறைத்தால், உங்கள் சூத்திரத்தின்படியே 4,83,840தான் வரும். 35 விழுக்காடு என்பது காலுக்கா, முழு உடலுக்கா என்ற கேள்வியும் உண்டு. சான்றிதழில் அது தெளிவாக இல்லையென்றால் குறைவான எண்ணையே எடுப்பார்கள். தலைக்கவசத்துக்கு ஒரு கழிவு இருக்கும். நான்கு நாள் தாமதத்தைக் காட்டி, லாரியையே பிறகுதான் வழக்கில் சேர்த்தார்கள் என்றும் வாதிடுவார்கள். இந்தச் சந்தேகத்தைக் கெட்ட எண்ணம் என்று ஒதுக்கிவிட முடியாது. உத்தரப் பிரதேசத்தில் போலி விபத்து மனுக்கள் குவிந்து, அவற்றை விசாரிக்கச் சிறப்புப் புலனாய்வுக் குழுவே அமைக்க வேண்டியதாயிற்று. உச்ச நீதிமன்றமும் அதைக் கையிலெடுத்தது. போலிகள் செய்த பாவம் உண்மையாக அடிபட்டவர் தலையில் விடிகிறது.

சாட்சிக்கூண்டு:
தலைக்கவசம் அணியாதது சட்ட மீறல். அதற்கு அபராதம் உண்டு. ஆனால் முறிந்தது கால். விதிமீறலுக்கும் விபத்துக்கும், அல்லது விதிமீறலுக்கும் காயத்துக்கும், காரணத் தொடர்பு இருந்தால்தான் பங்களிப்புக் கவனக்குறைவு, அதாவது அடிபட்டவர் மீதும் தவறு உண்டு, என்று கழிக்கலாம். ஒரே பைக்கில் மூவர் சென்றதைக் காட்டித் தொகையைக் குறைத்த தீர்ப்பை 2020இல் முகமது சித்திக் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தாமதத்துக்கும் விடை உண்டு. அடிபட்டவரைக் காப்பாற்றுவதுதான் குடும்பத்தின் முதல் வேலை. காவல் நிலையத்துக்கு ஓடவில்லை என்பதற்காக வழக்கைச் சந்தேகிக்கக் கூடாது என்று ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் 2011இல் சொல்லப்பட்டது. மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) முதல் நாளே லாரி மோதியதாக எழுதப்பட்டிருந்தால் அந்த வாதமே எழாது. அந்த ஏ.ஆர். நகலை வாங்கினீர்களா?

வருமானத்தைப் பொறுத்தவரை, கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தால் தொழில் இன்னது என்பதாவது ஐயமின்றி நிலைநிற்கும். தொழில் நிலைநின்றுவிட்டால் அந்த ஊரின் கூலி நிலவரத்தைக் காட்டுவது பெரிய காரியமன்று.

மருதாணி:
நீங்கள் இருவரும் தொகையைப் பற்றியே பேசுகிறீர்கள். பணம் கைக்கு வருவதைப் பற்றி நான் சொல்கிறேன். என் அப்பா மீது மோதியது ஓர் அரசுப் பேருந்து. தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாகவே வந்தது. ஆனால் போக்குவரத்துக் கழகம் பணம் கட்டவில்லை. நிறைவேற்று மனு போட்டு, நீதிமன்ற ஊழியர்கள் பேருந்து நிலையத்துக்கே போய் ஒரு பேருந்தை ஜப்தி செய்த பிறகுதான் காசோலை வந்தது. நல்லவேளையாக உங்கள் வழக்கில் காப்பீட்டு நிறுவனம் இருக்கிறது. என்றாலும், தீர்ப்புக்குப் பிறகு 90 நாளுக்குள் அவர்கள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம், தடையாணையும் கேட்கலாம்.

இன்னொன்று, வழக்கறிஞர் கட்டணம். கிடைக்கும் தொகையில் பங்கு பேசிக்கொள்வது இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகளின்படி தடை செய்யப்பட்டது. நடைமுறை என்னவென்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு என்பதை இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள்.

சாட்சிக்கூண்டு:
மருதாணி அவர்கள் சொன்ன தாமதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் மக்கள் நீதிமன்றத்தில் ஒருமுறை கையெழுத்திட்டால், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி அது இறுதியானது, மேல்முறையீடு இல்லை. அந்த பிளேட்டைப் பின்னர் அகற்ற வேண்டியிருந்தால் அந்தச் செலவுக்கு யாரிடம் போவார்? இன்றைய ஐந்தரை லட்சத்தில் அதற்கு ஒரு ரூபாயாவது ஒதுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். மறுப்பதால் நட்டமும் இல்லை. சமரசம் ஏற்படாவிட்டால் வழக்கு விட்ட இடத்திலிருந்து தீர்ப்பாயத்தில் தொடரும்.

கணக்குப்பிள்ளை:
நட்டம் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? கடன் இரண்டு லட்சம் என்றால் மாதம் 6,000 ரூபாய் வட்டிக்கே போகிறது. மூன்று ஆண்டு இழுத்தால் 2,16,000. சாரம் ஏற முடியாதவர் அதை எங்கிருந்து கட்டுவார்? நீதி கிடைக்கும்வரை அடுப்பு எரிய வேண்டுமே. இருந்தாலும் பிளேட் பற்றிச் சொன்னது நியாயம். ஆகவே என் யோசனையைச் சற்று மாற்றிக்கொள்கிறேன்: வெறுமனே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். எதிர்காலச் சிகிச்சைக்கான மருத்துவரின் மதிப்பீட்டையும் நல வாரிய அட்டையையும் காட்டி எட்டு லட்சம் கேளுங்கள். கிளைம் பிரிவு அதிகாரிக்குத் தன் கோப்பில் எழுதிவைக்க ஒரு காரணம் வேண்டும். காரணத்தைக் காகிதமாகக் கொடுத்தால் தொகை ஏறும். ஏழுக்கு வந்து நின்றாலும் வாங்கிக்கொண்டு முதல் வேலையாகக் கடனை அடைத்துவிடுங்கள்.

சாட்சிக்கூண்டு:
ஏழுக்கு நான் சம்மதிக்கமாட்டேன். அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவர் சாட்சி சொல்ல வருவார் என்றால் நிலைமையே வேறு. சிகிச்சை அளிக்காத ஒருவர் வழக்குக்காக எழுதித் தரும் சான்றிதழை எச்சரிக்கையோடு பார்க்கச் சொன்ன அதே ராஜ்குமார் தீர்ப்பு, சிகிச்சை அளித்த அல்லது பரிசோதித்து ஊனத்தை மதிப்பிட்ட மருத்துவரின் வாய்மொழிக்கு மதிப்புத் தருகிறது. பப்பு தேவ் யாதவ் வழக்கிலும், உயர் நீதிமன்றம் 45 விழுக்காடாகக் குறைத்த பிழைப்பு இழப்பை உச்ச நீதிமன்றம் 65ஆக உயர்த்தியது. அவர் செய்துவந்த தட்டச்சு வேலையும் இழந்த கையும் அங்கே ஒன்றாக வைத்துப் பார்க்கப்பட்டன.

நொய்யல்கரை:
அனைவருக்கும் நன்றி. ஏ.ஆர். நகல் இருக்கிறது, அதில் லாரி என்றே எழுதியிருக்கிறார்கள். நல வாரிய அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார்; ஆனால் பதிவு விபத்துக்கு முந்தையதுதான். அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவர் இப்போது கோவையில் இருக்கிறார். அவர் நீதிமன்றத்துக்கு வர இசைவாரா, பிளேட்டை அகற்ற எவ்வளவு ஆகும் என்று எழுதித் தருவாரா என்பதை இந்த வாரம் நேரில் கேட்கப்போகிறோம்.

சாட்சிக்கூண்டு:
நேரில் வர இயலாது என்றால், நீதிமன்றம் வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமித்து அவருடைய மருத்துவமனையிலேயே சாட்சியத்தைப் பதிவு செய்யுமாறு மனு போடலாம் என்பதையும் உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
அந்த மனுவின் நகலை நிறுவனத்தின் வழக்கறிஞருக்கு மக்கள் நீதிமன்றத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். மருத்துவர் கூண்டில் ஏறப்போகிறார் என்று தெரிந்தால் எட்டு லட்சப் பேச்சு எளிதாகும்.