பெப்சி பாசி, பேட்டண்ட், முண்டு வத்தல்: உங்க வீட்டுல என்ன நடந்துச்சு?

பாம்பன்பய:
பேட்டண்ட் (காப்புரிமை) இல்லன்னா எவன் ஆராய்ச்சிக்குக் காசு போடுவான்னு ஒரு கட்சி, அது காசு இருக்கவனுக்கு வேலி போட்டுக் குடுக்குற சட்டம்னு இன்னொரு கட்சி. எங்க வீட்டுக் கதையச் சொல்றேன், நீங்களும் சொல்லுங்க.

எங்கம்மா சின்ன வயசுல இருந்தே கடல்ல மரிக்கொழுந்துங்குற பாசி எடுக்குறவங்க. விரல்ல துணியச் சுத்திக்கிட்டு முங்கிப் பாறையில இருந்து கிள்ளணும், சாயங்காலம் பாத்தா விரல் பூரா கீறலா இருக்கும். 2000க்கு அப்புறம் பெப்சி கம்பெனி மூலமா கப்பாபைகஸ்ங்குற கடல்பாசி வளப்பு பரவுச்சு, அந்தப் பேரு வாயில நுழையாததால எங்க பக்கம் பெப்சி பாசின்னே ஆயிருச்சு. அம்மாவும் குழுவுல சேந்து மிதவை போட்டாங்க. மூங்கில் சட்டத்துல கயிறு ஓட்டி, கொத்துக் கொத்தாக் கட்டி விட்டா 45 நாள்ல அறுப்பு, நடுவுல ஓரா மீன் மேஞ்சிட்டுப் போகாம இருந்தா.

10 கிலோ பச்சைப் பாசி காஞ்சா 1 கிலோ. மிச்சம் வெறும் தண்ணின்னுதான் நெனச்சிருந்தோம். நான் காலேஜ் போனப்புறம்தான் தெரிஞ்சது, பச்சைப் பாசியப் புழிஞ்சு சாறை உரமாவும் சக்கைய காரஜீனனுக்கும் (சாப்பாட்டுப் பொருளக் கெட்டியாக்கச் சேக்குற பசை) எடுக்குற முறைக்கு, மண்டபத்துல ஸ்டேஷன் வச்சிருக்க மத்திய உப்பு ஆராய்ச்சி நிலையம் 2005ல அமெரிக்க பேட்டண்டே வாங்கியிருக்குன்னு. பரமக்குடி கடையில அந்த மாதிரி பாசி உர பாட்டிலப் பாத்துட்டு வெலையச் சொன்னேன், அம்மா வாயில கைய வச்சுட்டாங்க. "அடப்பாவிகளா, இத்தன வருசமா மணல்லயா ஊத்திக்கிட்டு இருந்தோம்?"

இந்த பெப்சி பாசி ஏற்றுமதிக்கு, நாட்டோட உயிர் வளத்த எடுத்து விக்கிறவன் பங்கு குடுக்கணும்ங்குற 2002 பல்லுயிர்ச் சட்டப்படி 30 லட்சத்துக்கு மேல ராயல்டி கட்டியிருக்காங்கன்னு படிச்சுக் காட்டுனேன். அதுக்கு அம்மா, "அது பிலிப்பைன்ஸ் பாசிதானடா, நம்ம பாசி மரிக்கொழுந்துல்ல, அதுக்கு யார்றா ராயல்டி குடுத்தா"ங்குறாங்க. எனக்குப் பதில் தெரியல.

கடலாடி மாப்ள:
உப்புத் தண்ணில வராத வயித்தெரிச்சல் வத்தல்ல வரும், கேளுங்க. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ல புவிசார் குறியீடு வந்துச்சுல்ல, அந்த வருசம் நான் கமிஷன் கடையில போயி "அண்ணே இது ஜிஐ வத்தல்"ன்னேன். அவரு மூட்டைக்குள்ள கைய விட்டு ஒரு காய ஒடிச்சுப் பாத்துட்டு, "ஈரம் இருக்கு தம்பி, சண்டு வேற கெடக்கு"ன்னு போன வார வெலையவே போட்டாரு. பேரு ஊருக்குக் கெடச்சாலும், அந்தக் குறியீட்ட ஒட்டி விக்கணும்னா நாம தனியா பதிவு பண்ணிக்கணுமாம், இத எவனும் எங்ககிட்ட சொல்லல. குறியீடு வேண்டாம்னு சொல்ல மாட்டேன், வேற ஊரு வத்தல நம்ம பேருல விக்கிறவனப் புடிக்க அது வேணும்.

மண்டபம் அக்கா:
தம்பி, நீ ஒரு பக்கத்த மட்டும் பாக்குற. அந்த பேட்டண்ட லைசென்ஸ் எடுத்தவன் பச்சைப் பாசியாவே வாங்க வந்தான், அதுனால எங்க குழுவுக்கு மழைக் காலத்துலயும் காசு ஓடுச்சு, இல்லன்னா பாசிய எங்க காயப்போட? 2013 வாக்குல பாசி மொத்தமா செத்துப் போச்சே, அப்ப கடன்ல கெடந்தது நாமதான், பேட்டண்ட் இருந்தாலும் இல்லன்னாலும் அது நடந்திருக்கும்.

பாம்பன்பய:
அக்கா சொல்றது சரி, மழைக் காலத்த நான் மறந்துட்டேன். ஆனா பேட்டண்ட் ஆயுசு 20 வருசம்தான், விண்ணப்பம் போட்ட தேதியில இருந்து. 2005லயே கையில கெடச்சதுன்னா இந்நேரம் முடிஞ்சிருக்கணும், யாரு வேணா புழியலாம். இத அம்மாகிட்ட சொன்னா உடனே, "அப்ப ஒரு மிசின் வாங்கு"ன்னாங்க. விசாரிச்சேன், 2021ல இருந்து இந்த மாதிரி சாறு உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள்ள வந்துருச்சு, விக்கணும்னா சோதனை, பதிவு எல்லாம் வேணும். யாராச்சும் குழுவா சேந்து இதப் பண்ணிருக்கீங்களா, எவ்வளவு ஆச்சு?