இன்கிரிமெண்ட் நிக்குமாம், அதால கவர்மெண்ட் வேலைக்குப் போகாதயாம்!

கந்தோர்க்காரன்:
நேத்து ஒருத்தர் எழுதியிருந்தார், கொழும்புத் தமிழ்ப் பிள்ளையள் கவர்மெண்ட் வேலைக்குப் போறது வேஸ்ட், அஞ்சு வருஷத்துக்குள்ள சிங்களம் பாஸ் பண்ணாட்டி இன்கிரிமெண்ட, அதான் வருஷா வருஷம் கூடுற சம்பளத்த, நிப்பாட்டிப் போடுவாங்கள், பேசாம ஐடில சேருங்கோ எண்டு. வாசிக்கவே பத்திக்கொண்டு வந்துது. அரச நிர்வாக அமைச்சின்ட 07/2007 சுற்றறிக்கை தமிழனுக்கு மட்டும் வந்ததில்ல ஐயா. 2007 ஜூலை 1க்குப் பிறகு சேர்ந்த சிங்கள ஆளும் அஞ்சு வருஷத்துக்குள்ள தமிழ் பாஸ் பண்ணோணும், இல்லாட்டி அவருக்கும் நிக்கும். பாதியச் சொல்லிப் பிள்ளையள வெருட்டாதீங்கோ.

வெள்ளவத்தை ராசா:
அந்த ஒருத்தர் நான்தான், நேராவே சொல்லியிருக்கலாம். பேப்பர்ல இருக்கு, சரி. அப்பிடித் தமிழ் பாஸ் பண்ணின ஆளோட நீங்க எப்ப தமிழ்ல கதைச்சீங்க? போன மாசம் ஒரு கந்தோருக்குப் போய் கவுண்டர்ல தமிழ்ல கேக்க, அந்தப் பிள்ளை சிரிச்சுக்கொண்டு பின் மேசையக் கைகாட்டுது, அங்க ஆளில்ல, கதிரைல ஒரு ஹேண்ட்பேக் மட்டும் கிடக்கு. அதோட தமிழ் கதைக்கிறதா?

கந்தோர்க்காரன்:
ஹேண்ட்பேக் கதைய விடுங்கோ. இன்கிரிமெண்ட் ரெண்டு பேருக்கும் நிக்குமா இல்லையா?

மட்டக்குளி டிஓ:
ரெண்டு பேரும் மொழிச் சோதனையில எந்த லெவலப் பத்திச் சொல்றீங்க? பதவிக்குப் பதவி லெவல் வேற.

வெள்ளவத்தை ராசா:
நிக்கும் எண்டு எழுதியிருக்கு. நிண்ட சிங்கள ஆள் ஒருத்தரைக் காட்டுங்கோ.

பென்ஷன் ஐயா:
தம்பிமார், இன்கிரிமெண்ட் சண்டை 2007ல துவங்கினதெண்டு நினைக்கிறீங்களோ. கோடீஸ்வரன் எண்ட பேர் ஆருக்காவது தெரியுமா? எழுதுவினைஞர் சேவையில இருந்தவர், சிங்களச் சோதனை எழுதமாட்டன் எண்டு நிண்டவர், 1962ல இன்கிரிமெண்ட் நிப்பாட்டிப் போட்டாங்கள், மனுசன் பேசாமப் போகாம அரசாங்கத்துக்கு மேல வழக்குப் போட்டார். 1964ல மாவட்ட நீதிமன்றம் 1956ம் ஆண்டுச் சிங்களம் மட்டும் சட்டமே செல்லாதெண்டிட்டுது, 1967ல உயர் நீதிமன்றம் அரச ஊழியன் சம்பளத்துக்கு வழக்கே போடேலாதெண்டு தள்ளிட்டுது, 1969ல லண்டன் பிரிவி கவுன்சில், அப்ப எங்களுக்குக் கடைசி அப்பீல் கோர்ட் அதான், இல்ல போடலாம் எண்டு சொல்லித் திருப்பி அனுப்பினது. சட்டம் செல்லுமா செல்லாதா எண்ட மெயின் கேள்விய அவங்களும் தொடேல்ல, 1972ல புது யாப்பு வந்திட்டுது, கேள்வி அப்பிடியே போச்சு. ஒரு கிளாக்கட இன்கிரிமெண்ட் லண்டன் வரைக்கும் போனது, நீங்க இங்க ஹேண்ட்பேக்கோட நிக்கிறீங்க.

கந்தோர்க்காரன்:
ஐயா, அது அப்ப. 1987ல யாப்பின்ட 13ம் திருத்தத்தோட தமிழும் அரச கரும மொழி. இப்ப ரெண்டு பக்கமும் ஒரே சட்டம்.

பென்ஷன் ஐயா:
ஒரே சட்டம் எண்டு நீங்க சொல்றீங்க. பெட்டிஷன் எழுதினா பதில் எந்த மொழியில வருது? என்ட பென்ஷன் அலுவலுக்கே தமிழ்ல எழுதினன், சிங்களத்தில பதில், அதையும் பக்கத்து வீட்டு சிங்களப் பெடியனிட்டக் குடுத்து வாசிச்சன்.

ஜிந்துப்பிட்டி ஜீவா:
முப்பது வருஷம் கவர்மெண்ட்ல இருந்த ஆளுக்குச் சிங்களக் கடிதம் வாசிக்கத் தெரியாதா 😂 உங்கட இன்கிரிமெண்ட் எப்பிடி வந்துது ஐயா?

பென்ஷன் ஐயா:
தம்பி, நீ பிறக்க முதல் நான் சேவையில. அந்தக் காலத்துச் சோதனை பற்றி உனக்கென்ன தெரியும்? மரியாதையாக் கதை.

ஜீவா:
மரியாதையாத்தான் கேட்டன். பதில் வரேல்ல.

மட்டக்குளி டிஓ:
லெவலச் சொல்லுங்கோ எண்டு கேட்டன், ஒருத்தரும் சொல்லேல்ல. அதோட நிர்வாக சேவைத் திறந்த சோதனை தமிழ்லயே எழுதலாம், பாஸ் பண்ணினாப் பிறகுதான் சிங்களப் பிரச்சினை. உள்ள இருக்கிறாக்களுக்கு மட்டுப்படுத்திய சோதனையும் இருக்கு. அத ஒருத்தரும் சொல்றதில்ல.

வெள்ளவத்தை ராசா:
தங்கச்சி, பாஸ் பண்ணிப் போய் என்ன சம்பளம்? 2025 பட்ஜெட்ல குறைஞ்ச அடிப்படைச் சம்பளம் 24,250ல இருந்து 40,000 ஆக்கினம் எண்டு தம்பட்டம் அடிச்சாங்க, அதையும் ஒரேயடியாக் குடுக்கேல்ல, 2027 வரைக்கும் இழுத்து. என்ட மகன் ஐடில முதல் மாசமே...

கந்தோர்க்காரன்:
மகன்ட சம்பளத்த ஆர் கேட்டது? அவருக்கு பென்ஷன் இருக்கா? 60க்குப் பிறகு ஆர் குடுப்பா? உங்களுக்கு இன்கிரிமெண்ட் கேள்விக்குப் பதில் இல்ல, அதான் மகன இழுக்கிறீங்க. நானும் ராஜகிரியவில அரசகரும மொழிகள் திணைக்களத்துக்குப் போய் எழுதித்தான் பாஸ் பண்ணினவன். கொழும்பில வளந்த பிள்ளை பஸ்ஸில கொண்டக்டரோட சிங்களத்தில சண்டை பிடிக்கும், சோதனை எண்ட உடனே என்ன பயம்?

பென்ஷன் ஐயா:
சண்டை பிடிக்கிறதும் அமைச்சுக்கு லெட்டர் டிராஃப்ட் பண்றதும் ஒண்டோ தம்பி? ஃபைல்ல கைப்பட குறிப்பு எழுதச் சொன்னா உங்கட கொண்டக்டர் சிங்களம் எங்க போகும் பாப்பம்? நான் 38 வருஷம் ஃபைல் பாத்தவன்.

ஜீவா:
ஃபைல் பாத்தீங்க, கடிதம் வாசிக்கேல்ல 😂

பென்ஷன் ஐயா:
அட்மின், இந்தப் பெடியன எடுங்கோ. இல்லாட்டி நான் போறன்.

வெள்ளவத்தை ராசா:
ஐயா போகாதீங்கோ, நீங்க போனா கந்தோர்க்காரன் ஜெயிச்சிட்டன் எண்டு சொல்லுவார்.

கந்தோர்க்காரன்:
ஜெயிக்கத் தேவையில்ல, சுற்றறிக்கைய வாசியுங்கோ. ரெண்டு பேருக்கும் நிக்கும்.

வெள்ளவத்தை ராசா:
நிண்ட ஆளக் காட்டுங்கோ.