புதுப்பிப்பு: காரைக்குடியில் பார்த்த போபா ஃபெட்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், ஒரு பழம்பொருள் கடையில் பார்த்த 'ஸ்டார் வார்ஸ்' படப் பாத்திரமான போபா ஃபெட் பொம்மையின் முதுகு ஏவுகணை அசையவில்லையே, உடைந்ததா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

மறுபடி போய்ப் பார்த்தேன். காலில் 1979 என்று பொறித்திருக்கிறது. உடையவில்லை, விற்பனைக்கு வந்தவை எல்லாமே இப்படித்தான். ஏவுகணை பாயும் என்றுதான் இதைத் தயாரித்த அமெரிக்க நிறுவனமான கென்னர் முதலில் விளம்பரம் செய்தது. ஆனால் வேறொரு விண்வெளித் தொடரின் பொம்மை ஏவுகணை தொண்டையில் அடைத்து ஒரு குழந்தை இறந்திருந்தது. ஏவுகணையைப் பிடித்து வைக்கும் ஸ்பிரிங் தாழுக்கான 'எல்' வடிவத் தடத்தை 'ஜே' வடிவமாக மாற்றிப் பார்த்தார்கள், போதவில்லை. கடைசியில் ஏவுகணையை அசையாமல் ஒட்டியே அனுப்பினார்கள். சரியான முடிவுதான். ஏவுகணை பாயும் பொம்மை கடைக்கு வராமல், சோதனைக்குச் செய்த மாதிரிகளோடு நின்றுபோனது. இன்று சேகரிப்பாளர்கள் உயிரைக் கொடுத்துத் தேடுவது அதைத்தான்.

"அப்ப இது சாதாரணமா தம்பி?" என்றார் கடைக்கார அண்ணன். "இல்லைண்ணே, இதுவும் நல்ல பொருள்தான்" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அப்புறம், 'ஏலியன்' படச் சிறு பொம்மைகள் பற்றிக் கேட்டவருக்கு: கென்னர் அவற்றையும் கைவிட்டது. 2013-ல் சூப்பர்7 நிறுவனம் அந்தப் பழைய மாதிரிகளை வைத்தே வெளியிட்டது.