மரி தெ பிரான்சின் லே: பாடியதா, படித்ததா?

பழஞ்சுவடி: 'பழைய பிரெஞ்சு லே (செய்யுளில் சொன்ன குறுங்கதை) எல்லாமே ஹார்ப் மீட்டிப் பாடியவை' என்று நரம்பிசை நேற்று போகிறபோக்கில் அடித்துவிட்டிருக்கிறார். 12ஆம் நூற்றாண்டுப் பெண் கவிஞர் மரி தெ பிரான்ஸ் எழுதிய லேக்களில் நீளமானது 'எலிதுக்'. 1184 வரி! யார் பாடினார்கள், யார் கொட்டாவி விடாமல் கேட்டார்கள்?

நரம்பிசை: மரியின் இன்னொரு லே 'கிஜெமார்' முடிவைப் படித்தீர்களா சார்? ஹார்ப்பிலும் ரோட்டிலும் வாசிப்பார்கள், கேட்க இனிமை என்று மரியே சொல்கிறார்.

மல்லி: ரோட்டிலா? டிராஃபிக் இல்லாத காலம், வாசித்திருப்பார்கள்.

நரம்பிசை: ரோட் ஒரு நரம்புக்கருவி. தெரியாவிட்டால் சும்மா இருங்கள்.

பழஞ்சுவடி: அது பிரெத்தோன்காரர்களின், அதாவது வடமேற்கு பிரான்சின் பிரித்தானி மக்களின், பழைய லேயைப் பற்றிய பேச்சு. கதையை அங்கிருந்து எடுத்தேன் என்கிறார். என் வரிகளைப் பாடுங்கள் என்று எங்கே சொன்னார்? பிரிட்டிஷ் நூலகத்தின் ஹார்லி 978 சுவடியில் மரியின் 12 லேக்களும் இருக்கின்றன. அதே சுவடியில் ஓர் ஆங்கிலக் குயில் பாட்டுக்கு இசைக்குறி அழகாகப் போட்டிருக்கிறது. லேக்களுக்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது.

வழிப்போக்கன்: கதை லே வேறு, இசை லே வேறு. 14ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கவிஞரும் இசையமைப்பாளருமான மாஷோ தன் லேக்கள் பலவற்றுக்குத் தானே மெட்டமைத்தார். பெரும்பாலும் 12 பத்தி, முதல் பத்தியும் கடைசிப் பத்தியும் ஒரே அமைப்பு. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில்...

பழஞ்சுவடி: மாஷோவை யார் கேட்டது? 1184 வரிக்குப் பதில் சொல்லுங்கள்.

நரம்பிசை: பழைய பிரெஞ்சு வீரகாவியமான ரோலண்ட் ஏறக்குறைய 4000 வரி. அதைப் பாடவில்லையா?

பழஞ்சுவடி: வந்துவிட்டார்! போன மாதம் ரோலண்ட் இழையில் வாங்கிக் கட்டிக்கொண்டது போதவில்லை போல. அது பத்தசை வரி, ஊர் ஊராகப் போன பாடகர்களுடையது. இது எட்டசை ஈரடி. கிரெத்தியன் தெ த்ருவா ஆர்தர் கதைகளை எழுதிய அதே யாப்பு. ஒருவர் ஏட்டைப் படிக்க, அரசவை கேட்கும். அவ்வளவுதான்.

நரம்பிசை: போன மாதம் பாதியில் ஓடியது யார் என்று எல்லோருக்கும் தெரியும். சரி, மரியின் 'ஷெவ்ரஃபாய்' 118 வரிதானே? அதில் கதைநாயகன் திரிஸ்தானே ஹார்ப் வாசிக்கத் தெரிந்தவன், தானே ஒரு லே கட்டுகிறான்.

பழஞ்சுவடி: கதைக்குள் அவன் கட்டிய லே எங்கே? ஒரு வரி காட்டுங்கள். 118ஐப் பாடினால் 1184ஐயும் பாடியதாகிவிடுமா?

மல்லி: அண்ணா, கணக்கு வாத்தியாரா நீங்கள்?

வழிப்போக்கன்: நான் சொன்னதை யாராவது படித்தீர்களா?

பழஞ்சுவடி: படித்தேன். அதிலும் 1184க்குப் பதில் இல்லை.

நரம்பிசை: குறி இல்லை என்றால் மெட்டே இல்லையா? அந்தக் காலத்தில் எத்தனை பேர் மெட்டை ஏட்டில் எழுதிவைத்தார்கள்?

பழஞ்சுவடி: குயிலுக்குக் குறி எழுதிய அதே சுவடியில் மரிக்கு ஏன் எழுதவில்லை? 1184 வரி என்பதால் மை தீர்ந்துவிட்டதோ?