கரும்புத் தேரைக்குக் குணம் உண்டா? துணை தேடுமா?

கேள்வி: டார்வின்வாசி
வட ஆஸ்திரேலியாவில் டார்வின் நகரத்துப் பக்கம் குடியிருக்கிறோம். மழைக்காலம் வந்தால் வாசல் விளக்கடியில் கரும்புத் தேரைகள் கூடிவிடும். எல்லாம் ஒரே மாதிரி இல்லை. முன்காலில் ஒரு விரல் இல்லாத ஒன்று, நான் கதவைத் திறந்து பக்கத்தில் நின்றாலும் பூச்சியைப் பிடித்துத் தின்றுகொண்டே இருக்கும். இன்னொன்று காலடிச் சத்தம் கேட்டாலே பூந்தொட்டிக்குப் பின்னால் போய்விடும். இதைக் குணம் என்று சொல்லலாமா? கூடி உட்காருவது துணைக்கா, பூச்சிக்கா?

பதில்: வடகுயின்ஸ்லாந்து
விலங்கியல் படித்தவன், இந்தத் தேரைகளைப் பற்றி வரும் ஆய்வுகளை விடாமல் படிக்கிறவன். அதே தேரை பல நாள் பார்த்தாலும் அதே மாதிரி நடந்துகொண்டால் தாராளமாகக் குணம் என்று சொல்லலாம். அந்த விரலில்லாததைத் தொடர்ந்து கவனியுங்கள், அடையாளம் வசதியாக இருக்கிறது.

விளக்கடியில் கூடுவது பெரும்பாலும் பூச்சிக்காகத்தான். ஆனால் துணை தேடுவதும் உண்மை, அது எல்லா ஊரிலும் ஒரே அளவில் இல்லை. 1935இல் கரும்பு வண்டை ஒழிக்க ஹவாயிலிருந்து குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுவந்தவை நூற்றுச் சொச்சம் தேரைகள்தான். வண்டு ஒழியவில்லை, தேரை பரவியது. முதலில் ஆண்டுக்கு 10 கிலோமீட்டர் போலப் போனது, பிறகு 50 கிலோமீட்டரையும் தாண்டியது. முன்னணியில் போகிறவற்றுக்குக் கால் நீளம், போகும் பாதையும் நேர்கோடு. அந்த நேர்கோட்டுப் பழக்கம் குஞ்சுகளுக்கும் வருகிறது.

2017இல் ஜோடி க்ரூபர் (Jodie Gruber), ரிக் ஷைன் என்ற ஆய்வாளர்களின் குழு, தேரைகள் வெகுகாலமாக இருக்கும் பழைய ஊர்த் தேரைகளையும், மேற்கே பரவிப்போகும் முன்னணியில் உள்ள முனைத் தேரைகளையும் ஒரே மாதிரி சோதித்தது. புது இடத்தில் துணிந்து சுற்றிப் பார்த்தவை முனைத் தேரைகள். அதோடு, இன்னொரு தேரை இருந்தால் அதன் பக்கம் அடிக்கடி போனவையும், அருகில் அதிக நேரம் இருந்தவையும் அவைதான்! தனியாக முன்னேறிப் போகிறது ஒட்டாத குணமாகத்தான் இருக்கும் என்று நினைப்போம். யோசித்தால் நியாயம் புரிகிறது. அங்கே தேரைகள் குறைவு, இரைக்குப் போட்டி இல்லை, தேரைகளைத் தாக்கும் நுரையீரல் புழு என்ற ஒட்டுண்ணியும் சில ஆண்டுகள் பின்தங்கித்தான் வருகிறது. தெரியாத ஊரில் இன்னொரு தேரை உட்கார்ந்திருந்தால், ஈரமோ இரையோ அங்கே இருக்கிறது என்று பொருள்.

டார்வின்வாசி
நன்றி. அப்படியென்றால் எங்கள் ஊர்த் தேரை எந்த வகை?

வடகுயின்ஸ்லாந்து
உங்கள் பக்கம் 2005 வாக்கில் வந்தவை. முனை அதற்கப்புறம் மேற்கே வெகுதூரம் போய்விட்டது. அதனால் அந்த முடிவை உங்கள் வாசலுக்கு அப்படியே பொருத்த மாட்டேன்.

பதில்: குளத்தங்கரை
ஒன்றையொன்று தேடும் பிராணி என்றால், தலைப்பிரட்டைகள் தம் இனத்து முட்டையையே தின்கின்றனவே, அது எப்படி? எங்கள் பண்ணைக் குட்டையில் முட்டைச் சரம் கிடந்த இடத்தில் பிரட்டைகள் மொய்த்துக் காலி செய்ததைப் பார்த்தேன்.

வடகுயின்ஸ்லாந்து
சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். நேசம் என்ற கண்ணோடு பார்க்கக் கூடாது என்பதற்கு இதுவே சாட்சி. முட்டையிலிருந்தும் அப்போதுதான் பொரித்த குஞ்சுகளிலிருந்தும் வரும் ரசாயனத்தை மோந்துதான் பிரட்டைகள் வருகின்றன. 2021இல் வந்த ஆய்வுப்படி, இந்த வெறி தென் அமெரிக்கத் தாயகத்தை விட ஆஸ்திரேலியாவில் அதிகம். இங்கே ஒரே குட்டையில் தேரைக் கூட்டம் அதிகம், பின்னால் வரும் முட்டை வளர்ந்தால் அதுவே போட்டி. ஆஸ்திரேலியக் குஞ்சுகளும் சும்மா இல்லை, பெரிய பிரட்டை இருக்கும் வாடை பட்டால் தின்னப்படக்கூடிய அந்த ஆபத்தான பருவத்தைச் சீக்கிரம் கடந்துவிடுகின்றன.

இதே குணத்தை வைத்துத்தான் பொறியும் செய்கிறார்கள். தேரையின் விஷச் சுரப்பியிலிருந்து எடுத்ததை இரையாக வைத்தால் கரும்புத் தேரைப் பிரட்டைகள் மட்டும் ஆயிரக்கணக்கில் வந்து மாட்டும், உள்ளூர்த் தவளைப் பிரட்டைகள் அந்த வாடைக்கு வருவதில்லை. உங்கள் குட்டைக்கு அதைத்தான் சிபாரிசு செய்வேன். முட்டைச் சரம் கண்ணில் பட்டால் கையுறை போட்டு எடுத்து வெயிலில் காயப் போடுங்கள். நீளமான ஜெல்லிக் கயிறுக்குள் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் மட்டும் கை வையுங்கள். நுரைபோல மிதந்தால் அது நம் ஊர்த் தவளையுடையது, விட்டுவிடுங்கள்.