புதுப்பிப்பு: 2025 ஆஸ்கர் கணிப்பு, 'அனோரா'வா 'கான்கிளேவ்'வா?

ஆஸ்கரில் சிறந்த படம் எது என்று கணிக்க, அதற்கு முன் வரும் விருதுகளில் எதை நம்புவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மார்ச் 2 விழாவில் வென்றது 'அனோரா'. "பிரிட்டிஷ் விருதான பாஃப்டாவையும் அமெரிக்க நடிகர் சங்க விருதையும் 'கான்கிளேவ்' வாங்கினாலும், அமெரிக்கத் தயாரிப்பாளர் சங்க விருதைப் பாருங்கள்" என்ற யோசனைதான் பலித்தது; அது 'அனோரா'வுக்குப் போயிருந்தது. அந்தச் சங்கமும் ஆஸ்கர் தரும் அகாடமியைப் போலவே படங்களை வரிசைப்படுத்தி வாக்களிக்கிறது. பலருக்கு இரண்டாவது, மூன்றாவது விருப்பமான படமும் மேலே வந்துவிடும்.

நடிகைக்கு பாஃப்டாவைப் பாருங்கள் என்றவர் சொன்னதும் சரி. நடிகர் சங்கம் டெமி மூரைத் தேர்ந்தெடுத்திருந்தது, பாஃப்டா 'அனோரா'வின் மைக்கி மேடிசனை. ஆஸ்கரும் மேடிசனுக்கே. 2024-லும் இதேதான் நடந்தது: நடிகர் சங்கம் லில்லி கிளாட்ஸ்டோனைத் தேர்ந்தெடுத்தது, பாஃப்டாவும் ஆஸ்கரும் எம்மா ஸ்டோனுக்கு.

எதிர்பாராதது அனிமேஷன். தயாரிப்பாளர் சங்கம் 'தி வைல்ட் ரோபாட்'டைத் தேர்ந்தெடுத்தது, ஆஸ்கரோ லாட்வியாவின் 'ஃப்ளோ'வுக்குப் போனது. வசனமே இல்லாத பூனைக் கதை, பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் செய்தது. அந்த நாட்டின் முதல் ஆஸ்கர். எனக்கு அந்த இரவின் பெரிய சந்தோஷம் இதுதான்.

அப்புறம், படத்தொகுப்பு விருதும் 'அனோரா'வுக்கே. ஒரே படத்துக்காக அதன் இயக்குநர் ஷான் பேக்கர் கையில் நான்கு சிலைகள்: தயாரிப்பு, இயக்கம், திரைக்கதை, படத்தொகுப்பு.