அணு எண்ணுக்கு எலக்ட்ரானைக் கணக்கில் கொள்ளாதது ஏன்? விளக்க உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். மின்சுமையற்ற சோடியம் அணுவில் புரோட்டான்கள் 11, எலக்ட்ரான்களும் 11 என்னும்போது, புரோட்டான்களின் எண்ணிக்கையாகச் சொல்லப்படும் அணு எண்ணை எலக்ட்ரான்களைக் கொண்டே சொன்னால் என்ன என்று என் மகள் கேட்கிறாள். ஓர் எலக்ட்ரானை இழந்த சோடியம் அயனியையும் நியான் அணுவையும் நோட்டில் அருகருகே வரைந்து, இரண்டிலும் 10 எலக்ட்ரான்களே இருந்தாலும், அணுக்கருவில் 11 புரோட்டான்கள் அப்படியே இருப்பதால் சோடியம் நியானாகிவிடுவதில்லை என்று காட்டினேன். அதுவரை புரிந்துகொண்டாள். ஆனால், வேதிவினைகளில் பங்கேற்பவை எலக்ட்ரான்களாக இருக்க, தனிமத்தின் அடையாளம் மட்டும் கருவில் இருப்பது ஏன் என்று அடுத்துக் கேட்டாள். மிக நல்ல கேள்வி என்றே கருதுகிறேன். 1913இல் இயற்பியலாளர் மோஸ்லி, தனிமங்கள் வெளியிடும் எக்ஸ் கதிர்களின் அதிர்வெண்களை அளந்து, அணு எண் என்பது கருவின் மின்சுமையே என்று காட்டியதையும் இணைத்து, இதை எளிமையாக விளக்கத் தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.